ஓவனில் வைத்த சீஸ் ஏன் எண்ணெய் கக்குகிறது?

கல்லடி மருமகள்:
வணக்கம். வருகிற சனிக்கிழமை மாலை, கனடாவிலிருந்து வந்திருக்கும் மச்சாள் குடும்பத்தினரும் காத்தான்குடியிலிருந்து என் கணவரின் நண்பர் வீட்டாரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இராச்சாப்பாட்டுக்கு முன்னர், றோஸ்ட் பாண் துண்டுகளால் தொட்டுச் சாப்பிடும்படி சூடான சீஸ் செய்து வைக்க விரும்புகிறேன். ஒத்திகையாகச் செடார் சீஸைத் துருவி, கண்ணாடித் தட்டில் பரப்பி, 220 பாகையில் 20 நிமிடம் வைத்தேன். மேலே மஞ்சள் எண்ணெய் குளம் கட்டி நின்றது. அடியில் இருந்ததோ றப்பர்ச் செருப்பாகிவிட்டது. மகன் அதை முள்ளுக்கரண்டியால் தூக்கிக் காட்டிச் சிரித்தான். படங்களில் முழு வட்டமாகச் சுட்டு வைக்கும் கமம்பேர் சீஸ் இங்கே என் கண்ணில் படவில்லை. என்ன செய்யலாம்?

பழைய அடுப்படி:
தங்கச்சி, பிழை சீஸில் இல்லை, சூட்டில்தான் இருக்கிறது. சீஸில் உள்ள புரதம் ஒரு வலையைப் போலக் கொழுப்பையும் நீரையும் பிடித்து வைத்திருக்கிறது; மிதமான சூட்டில் அந்த வலை தளர்ந்து சீஸ் உருகும், சூடு மிஞ்சினால் வலை இறுகி உள்ளே இருந்த கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். முக்கோணத் துண்டுகளாக வரும் பதப்படுத்திய சீஸில் கொழுப்பைப் பிரியவிடாத உப்புகள் சேர்ப்பதால் அது குழம்பாக உருகும், ஆனால் விருந்தாளிக்கு வைக்கும் அளவுக்கு அதில் சுவை இல்லை என்பது என் எண்ணம்.

எருமைத் தயிர் கிடைக்கும் ஊரில் கமம்பேருக்கு ஏங்கவும் வேண்டியதில்லை. கட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு முழுவதும் நீர் வடியவிடுங்கள். காலையில் துணியை விரித்தால், விரலால் வழித்தெடுக்கக்கூடிய பதத்தில் வெள்ளைக் கட்டியாக இருக்கும். அதில் 250 கிராமுடன் துருவிய செடார் 100 கிராம், சோளமா 2 தேக்கரண்டி, தட்டிய உள்ளி, இடித்த மிளகாய் ஆகியவற்றைக் கலந்து, 180 பாகையில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். சோளமாவை விட்டுவிட்டால் தயிர் திரைந்துவிடும். ஓரங்களில் குமிழி கிளம்பியதும் எடுத்துவிட வேண்டும். தயிர்ச் சட்டியிலேயே சுட்டு மேசையில் வைத்தால் பார்வைக்கும் அழகு.

கல்முனை வாசகி:
சகோதரி, ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பாலை உறையவைக்கச் சேர்க்கும் றெனெற் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படலாம், நுண்ணுயிர்களிலிருந்தும் பெறப்படலாம். ஆகவே செடார் வாங்கும்போது ஹலால் குறியைப் பார்த்து வாங்கினால் காத்தான்குடி விருந்தாளிகள் தயங்காமல் கை வைப்பார்கள். எருமைத் தயிர் உறையிட்டுத் தோய்ப்பது என்பதால் அதில் இந்தக் கேள்வி எழாது.

சட்டி யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. தயிர்ச் சட்டி அதிகம் சுடப்படாத மண். குளிரிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனுக்குள் வைத்த என் சட்டி நடுவே பிளந்து, கலவை முழுவதும் தட்டில் வழிந்தது. ஓவனுக்குரிய பாத்திரத்தையே பயன்படுத்துங்கள். இறக்கியபின் வறுத்த கஜுவைத் தூவி, கித்துள் பாணி ஒரு கரண்டி ஊற்றினால் உறைப்பும் இனிப்பும் நன்றாகச் சேரும்.

கல்லடி மருமகள்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு பாதி அளவில் செய்து பார்த்தேன், எண்ணெய் பிரியவில்லை. செடாரில் உப்பு இருப்பதால் தனியாக உப்பிடவில்லை, அதுவே போதுமாக இருந்தது. பாணி மட்டும் மாமிக்குப் பிடிக்கவில்லை, எனவே அதைச் சிறு கிண்ணத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறேன்.