புதுப்பிப்பு: ஃபில்டரின் உறிஞ்சுகுழாயில் நத்தை சிக்காமலிருக்க

மீன்தொட்டியின் விளிம்பில் தொங்கியபடி நீரைச் சுத்திகரிக்கும் ஃபில்டரின் உறிஞ்சுகுழாயில், தொட்டியில் வளர்க்கும் மிஸ்டரி நத்தையின் உணர்கொம்பு இழுபடுவதாகவும், பீட்டா மீனின் நீண்ட வால் ஒட்டிக்கொள்வதாகவும் முன்பு எழுதியிருந்தேன். நண்பர்கள் கூறியபடி குழாயின் வாயில் நைலான் காலுறைத் துணியைக் கட்டினேன். நத்தை தப்பியது, ஆனால் கழிவு படிந்து துணி விரைவிலேயே அடைத்துக்கொண்டதால் நீரோட்டம் மெலிந்து, மோட்டார் இரையத் தொடங்கியது. ஆகவே இப்போது நடுவில் துளையுள்ள, பெரிய கண்களைக் கொண்ட உருளை ஸ்பாஞ்சை மாட்டியிருக்கிறேன். உறிஞ்சும் விசை குழாயின் சில பிளவுகளில் மட்டும் குவியாமல் ஸ்பாஞ்சின் பரப்பு முழுவதும் பரவிவிடுவதால், நத்தை அதன் மீதே ஏறி, படிந்த பாசியை நிதானமாகச் சுரண்டித் தின்கிறது; பார்க்கவே மனம் நிறைகிறது. பீட்டாவின் வாலும் கிழியவில்லை. நுண்ணிய கண்களுள்ள ஸ்பாஞ்ச் இறால் குஞ்சுகளுக்குத் தேவைப்படலாம், நத்தைக்கு வேண்டியதில்லை.

கழுவும் முறையில்தான் கவனம் வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு, நீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தைக் கீழே பிடித்தபடி ஸ்பாஞ்சை உருவினால் அழுக்கு தொட்டியில் கலக்காது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதைப் பிழிய வேண்டும்; குளோரின் கலந்த குழாய்நீர், ஸ்பாஞ்சில் வாழ்ந்து, கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை அழித்துவிடும். ஸ்பாஞ்சைத் திரும்ப மாட்டும்வரை மோட்டாரை ஓடவிடாதீர்கள்.