புதுப்பிப்பு: பள்ளி வேனில் மகனைக் கேலி செய்த விஷயம்

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பேச்சு திக்கும். வேனில் சில பையன்கள் தினமும் அவனைப் போலப் பேசிக் காட்டுகிறார்கள், சாப்பாட்டுப் பையைப் பிடுங்கி வைக்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வகுப்பாசிரியரிடம் வாய்மொழியாகச் சொன்னோம். "பசங்கன்னா அப்படித்தான் சார்" என்றார். எனவே எழுத்தில் கொடுத்தோம். எந்த நாள், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று மகன் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதினார். அவன் முடிக்கும்வரை யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. திக்குகிற பிள்ளைக்கு அது ரொம்ப முக்கியம். பள்ளி சிபிஎஸ்இ. இத்தகைய துன்புறுத்தலைத் தடுக்கப் பள்ளியில் குழு வேண்டும் என்று வாரியம் 2015இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். அப்புறம்தான் முதல்வர் கூப்பிட்டுப் பேசினார்.

இப்போது வேனில் ஓர் ஆயாம்மா வருகிறார். மகன் முன் சீட்டில், நண்பனோடு. அந்தப் பையன்களின் பெற்றோரிடம் பள்ளியே பேசியது. நாங்கள் நேரில் போகவில்லை, அதுதான் சரி என்று நினைக்கிறேன். ஒருவன் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறானாம். அதையும் தேதி போட்டு எழுதி வருகிறோம்.

பள்ளி அசையவே இல்லை என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழைக்கலாம். கட்டணம் கிடையாது, குழந்தையே அழைக்கலாம். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் உண்டு. அடுத்த வாரம் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம், அவனே கேட்டான்.