56 சைஸ் சைக்கிளில் நான் பட்ட பாடு. உங்களுக்கும் ஃப்ரேம் அளவில் அடி விழுந்திருக்கிறதா?

என் உயரம் 168 செ.மீ. வாங்கிய முதல் ரோட் பைக் (வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர் சைக்கிள்) 56 சைஸ், ஃப்ரேம் அளவை செ.மீ.யில் சொல்வது. வெளிநாடு கிளம்பிய ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்தார். "சீட்டை இறக்கிக்கிட்டா சரியாயிடும்" என்றார். சைஸ் என்றால் சீட்டு உயரம் மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். சீட்டு இறங்கியது, கால் எட்டியது, பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மாமல்லபுரம் போய் வந்த முதல் நாளே வேலையைக் காட்டிவிட்டது. முட்டுக்காடு பாலம் தாண்டுவதற்குள் இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போயின. கோவளம் வரும்போது பிடரி பிடித்துக்கொண்டது. பிரேக் லீவருக்கு மேலே உள்ள ரப்பர் பிடியில் (ஹூட்) கை வைத்தால் முழங்கை மடங்க இடமே இல்லை. ரோட்டில் ஒட்டுப் போட்ட ஒவ்வொரு பள்ளமும் நேராகத் தோளுக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் என் கைவைத்தியம். சீட்டை அதன் அடியில் உள்ள கம்பித் தண்டவாளத்தில் கடைசி வரை முன்னால் தள்ளினேன். ஹேண்டில் கிட்ட வந்தது, கைவலி கூடியது! இடுப்பு முன்னால் போனால் உடம்பின் பாரமும் முன்னால் சாய்கிறது, அதைக் கைதான் தாங்க வேண்டும் என்பது வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. அடுத்து, ஹேண்டிலை ஃப்ரேமோடு இணைக்கும் 110 மி.மீ. ஸ்டெமைக் கழற்றிவிட்டு 70 போட்டேன். கைக்குக் கொஞ்சம் விடுதலை. ஆனால் வண்டியின் குணமே மாறிவிட்டது. முன் சக்கரத்தில் பாரம் இல்லை, கை லேசாக அசைந்தாலே திரும்பியது. பின்னால் வந்த லாரியைத் திரும்பிப் பார்த்த ஒரு நொடியில் வெள்ளைக் கோட்டிலிருந்து நடுரோட்டுக்குப் போயிருந்தேன். அன்றோடு சரி, அதை ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

இப்போது ஓட்டுவது 52. வாங்கும் முன் சுவரோரம் வெறுங்காலில் நின்று, கால் இடுக்கில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்து உள்கால் நீளம் அளந்தேன்: 78 செ.மீ. அமெரிக்க சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்குப்படி அதை 0.883 ஆல் பெருக்கினால் 68.9. பெடல் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரைக்கும் அந்த உயரம். அங்கிருந்து ஒன்றிரண்டு மி.மீ. கூட்டிக் குறைத்துக்கொண்டேன். பழைய ஃப்ரேமின் ரீச் (பெடல் அச்சிலிருந்து ஃப்ரேமின் முன்குழாய் உச்சி வரை முன்னோக்கிய தூரம்) 397 மி.மீ., இதில் 378. வித்தியாசம் 19 மி.மீ., ஒரு கட்டைவிரல் அகலம். அந்த ஒரு விரலுக்குத்தான் அத்தனை பாடு. உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

* * *

அண்ணா, உங்களுக்குப் பெரிய ஃப்ரேம் தொல்லை, எனக்குச் சின்ன ஃப்ரேம் தொல்லை. நான் 152 செ.மீ. மதுரையில் என் உயரத்துக்குக் கடையில் வண்டி இருப்பதே அபூர்வம். சொல்லி வைத்து 47 சைஸ் வரவழைத்தேன். முதல் வாரமே டீக்கடை வாசலில் யூ-டர்ன் அடிக்கும்போது ஷூ நுனி முன் சக்கரத்தில் இடித்து, கூட்டத்துக்கு நடுவில் சாய்ந்தேன். அடி ஒன்றும் பெரிதில்லை, மானம்தான் போனது.

சக்கரம் பெரும்பாலும் எல்லோருக்கும் அதே 700சி அளவு. ஃப்ரேம் மட்டும் சுருங்கினால் சக்கரம் காலுக்கு நெருங்கி வரத்தானே செய்யும்? அதைத் தள்ளிவைக்கச் சின்ன சைஸ்களில் ஹெட் டியூபை, அதாவது ஹேண்டில் திரும்பும் முன்குழாயை, இன்னும் சாய்த்துவிடுகிறார்கள். நடு சைஸில் தரையோடு 73 டிகிரி இருக்கிற இடத்தில் என்னுடையதில் 70.5. அதனால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாகத் தொய்ந்து விழுகிறது. ஜார்ஜினா டெர்ரி என்ற அமெரிக்கப் பெண்மணி 1980களிலேயே முன்னால் மட்டும் 24 அங்குலச் சக்கரம் போட்டு இதற்கு வழி கண்டார். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் கணக்கு சரி.

நான் கிராங்கை (பெடலைத் தாங்கும் கை) 170 மி.மீ.இலிருந்து 165க்கு மாற்றினேன். கால் நுனிக்கு 5 மி.மீ. இடம் கிடைத்தது. சீட்டையும் 5 மி.மீ. ஏற்றிக்கொண்டேன், மேலே வரும்போது முட்டி நெஞ்சை இடிப்பது நின்றது. பிரேக் லீவரைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவர அதிலேயே ஒரு குட்டி ஸ்க்ரூ இருப்பதை ஓராண்டு கழித்துத்தான் கண்டுபிடித்தேன். கடையில் யாரும் சொல்லவில்லை.

* * *

சாய்ந்த ஹெட் டியூபுக்கு நான் கொஞ்சம் வக்காலத்து வாங்குகிறேன். நான் சேலம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு விதமான வண்டியிலும் இறங்கியிருக்கிறேன்.

என் ரேஸ் வண்டி 73 டிகிரி, ஃபோர்க் ரேக் (ஹேண்டில் திரும்பும் அச்சிலிருந்து முன் சக்கர மையம் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) 43 மி.மீ., டயர் 25 மி.மீ. டிரெயில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 58 மி.மீ. அதாவது, ஹேண்டில் திரும்பும் அச்சை நேராகத் தரைக்கு நீட்டினால் அது தொடும் இடத்துக்கு அவ்வளவு பின்னால் டயர் தரையைத் தொடுகிறது. அந்த இழுவைதான் சக்கரத்தை நேராக வைக்கிறது. நண்பனின் வண்டி 71 டிகிரி, ரேக் 45. டிரெயில் 68. பத்து மி.மீ.தான். ஆனால் கீழே இறங்கும்போது என் வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் நான்தான் விழித்திருக்க வேண்டும். அவனுடையது பிடித்த கோட்டை விடாமல் போகிறது.

மலை ஏறும்போது கதை தலைகீழ். மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் அவன் வண்டியின் முன் சக்கரம் குடித்தவன் மாதிரி அலையும், என்னுடையது அடக்கமாக வரும். இதில் எது நல்ல வண்டி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டுப் பக்கம் எந்த ரோடு இருக்கிறதோ அதைப் பொறுத்தது.

இன்னொன்று. எண்டூரன்ஸ் (நெடுந்தூர) வண்டி சுகமாக இருப்பதற்கு நீளமான செயின்ஸ்டே, அதாவது பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய், காரணம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். என் ரேஸ் வண்டியில் 23 டயரைக் கழற்றி 25 போட்டுக் காற்றைக் குறைத்தபோது கிடைத்த சுகம் அதைவிட அதிகம்.

* * *

தம்பிகளா, ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன், நான் காசு கொடுத்து விழுந்தது. என் ரேஸ் ஃப்ரேமில் ஸ்டாக் (பெடல் அச்சிலிருந்து ஹெட் டியூப் உச்சி வரை உயரம்) 540 மி.மீ., ரீச் 385. முதுகுவலி என்று புது வண்டி வாங்கினேன்: ஸ்டாக் 570, ரீச் 376. "ரீச் 9 மி.மீ. கம்மி" என்று ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து டேப் வைத்தால் ஹேண்டில் பழைய இடத்திலேயே இருக்கிறது!

காரணம், ஹெட் டியூப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது. பழைய வண்டியில் ஹேண்டிலை உயர்த்த ஸ்டெமுக்குக் கீழே 30 மி.மீ. ஸ்பேசர் வளையங்கள் போட்டிருந்தேன். 10 மி.மீ. ஏற்றினால் ஹேண்டில் சுமார் 3 மி.மீ. பின்னாலும் வருகிறது. 30க்கு 9. ஆக, இரண்டும் ஒன்றுதான். வாங்கும் முன் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து ரீச்சை ஒப்பிட வேண்டும். டாப் டியூப் (சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் மேல்குழாய்) நீளத்தை நம்பவே வேண்டாம். சீட்டைத் தாங்கும் சீட் டியூபின் சாய்வு ஒரு டிகிரி மாறினாலே, 70 செ.மீ. சீட்டு உயரத்தில் 12 மி.மீ. கணக்கு உதைக்கும்.

* * *

ஐயா, அந்தக் கணக்கை நோட்டில் குறித்துக்கொண்டேன். மதுரை அக்கா, உங்கள் ஸ்க்ரூவை இன்று காலையில்தான் என் லீவரில் தேடினேன், இருக்கிறது.

அப்புறம், என் அந்த 56ஐ 182 செ.மீ. உயரமுள்ள கல்லூரிப் பையன் ஒருவனுக்கு விற்றேன். 110 ஸ்டெமையும் கூடவே கொடுத்தேன். போன ஞாயிறு கோவளம் தாண்டி எதிர்காற்றில் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனேன். ஒரு கையை விட்டுத் தண்ணீர் குடித்தான், திரும்பி என்னோடு பேசினான். வண்டி வெள்ளைக் கோட்டை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.