கொரோலா 110 கியர்பொக்ஸில் ஒயில் கசிகிறது, பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா?

உரும்பிராய்_110 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1997ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 110, மனுவல் கியர். போன வருடம் வாங்கினேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள்தான், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு எட்டாத விலை. சரி, பழசு ஒன்றை வாங்கி வடிவாகப் பார்த்துக்கொள்வோம் என்று கையில் இருந்த சேமிப்பு முழுவதையும் போட்டு எடுத்த கார் இது.

எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே, செம்மண் தரையில்தான் காரை விடுவது. ஒயில் சொட்டினாலும் அந்த மண் குடித்துவிடும், ஒன்றும் தெரியாது. போன கிழமை மழை பெய்ததால் போர்ட்டிக்கோவுக்குள் விட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் சீமெந்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை, முன் இடது சில்லுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி. விரலால் தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் ஒயில் போலக் கறுப்பாக இல்லை, தேன் நிறம், நல்ல பிசுபிசுப்பு, மூக்கைச் சுளிக்க வைக்கிற ஒரு மணம்.

பக்கத்துக் கராஜில் காட்டினேன். குனிந்து ஒருக்கா பார்த்துவிட்டு, "கியர்பொக்ஸ் முடிந்துது தம்பி, கொழும்பிலிருந்து ஜப்பானில் ஓடின ரீகண்டிஷன் பெட்டி ஒன்று எடுத்துப் போடுவம்" என்றார். கூலியோடு ஒரு இலட்சத்துக்கு மேலே போகும் என்கிறார். ஆனால் கியர் எல்லாம் வெண்ணெய் போல விழுகிறது, சத்தமும் இல்லை. ஐந்தாவதில் மட்டும் மெல்லிய ஒரு கூவல் கேட்கிற மாதிரி இருக்கிறது, அது என் பயமோ தெரியாது. அம்மாவை மாதத்தில் இரண்டு தரம் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போகிற கார் இது, நடுவழியில் நின்றால் அந்தரமாகிவிடும். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

கொக்குவில்_கராஜ் எழுதியது:

தம்பி, அவசரப்பட்டு யாருக்கும் காசு கொடுத்துவிடாதீர்கள். நான் இருபத்து மூன்று வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். ஒயில் கசிகிறது என்பது ஒன்று, கியர்பொக்ஸ் முடிந்தது என்பது வேறு. கியர் சுகமாக விழுகிற, சத்தம் போடாத பெட்டியை இறக்கி எறிந்துவிட்டு, ஜப்பானில் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடியது என்றே தெரியாத இன்னொரு பெட்டியைப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூட்டின பிறகு அதுவும் கசிந்தால் என்ன செய்வது?

நீங்கள் சொன்ன மணம் கந்தக மணம், கியர் ஒயிலில் கலக்கிற சேர்மானத்தால் வருவது. பழைய எஞ்சின் ஒயில் கறுத்து, பெற்றோல் வாசத்தோடு தண்ணீராக இருக்கும். உங்களுடையது கியர் ஒயில்தான் என்று நினைக்கிறேன். இந்தக் காரில் எஞ்சின் வலப் பக்கம், கியர்பெட்டி இடப் பக்கம். இடது சில்லுக்கு உள்ளே சொட்டுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சில்லைச் சுழற்றுகிற அச்சு பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிற ஒயில் சீலைத்தான். றப்பர் வளையம், உள்ளே மெல்லிய ஸ்பிரிங் ஒன்று. இருபத்தைந்து வருடத்தில் றப்பர் கல்லாகிவிடும், அதற்குக் கியர்பொக்ஸைக் குற்றம் சொல்லக் கூடாது.

ஆனால் அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஒயிலை வடிக்கிற கீழ் நட்டின் வொஷரால் வரலாம், ரிவேர்ஸ் லைற் சுவிட்ச் அடியால் வரலாம், ஸ்பீடோமீற்றர் கேபிள் இறங்குகிற இடத்து வளையத்தால் வரலாம், கியர் மாற்றுகிற தண்டின் சீலால் வரலாம். மேலே எங்காவது கசிந்து, ஓடுகிற காற்றில் பின்னுக்குப் பரவி, கீழே வேறு இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள்தான் தேவையில்லாமல் பெட்டியை இறக்குகிறார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பெட்டியின் வெளிப்புறம் முழுவதையும் கொஞ்ச டீசல், பிறஷ், பிறகு சவர்க்காரத் தண்ணீர் போட்டு உரஞ்சிக் கழுவுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு குழந்தைப் பிள்ளைகளுக்குப் பூசுகிற பவுடரை எல்லா மூட்டிலும் தட்டிவிடுங்கள். ஒருக்கா டவுணுக்குப் போய் வாருங்கள், பதினைந்து கிலோமீற்றர் ஓடினால் காணும். வந்து ரோச் அடித்துப் பார்த்தால் எந்த இடத்தில் பவுடர் முதலில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. காருக்குக் கீழே போகிறதென்றால் ஸ்ராண்ட் வைத்துப் போங்கள், ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடவே வேண்டாம்.

இதை எல்லாம் செய்வதற்கு முன்னால், இன்றைக்கே, உள்ளே எவ்வளவு ஒயில் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பெட்டி பிடிப்பதே இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவுதான், இரண்டு சில்லுக்கும் விசையைப் பிரிக்கிற டிப்ரென்ஷலுக்கும் அதே ஒயில்தான். ஐந்தாவது கியர் பெட்டியின் கடைசி ஓரத்தில் தனியாக இருக்கிறது. ஒயில் இறங்கினால் அங்கேதான் முதலில் கூவல் தொடங்கும், என் கையில் வந்த கார்களில் அப்படித்தான். நீங்கள் கேட்டது பயத்தில் கேட்ட சத்தமாக இல்லாமலும் இருக்கலாம்.

வல்வெட்டியான் எழுதியது:

அண்ணை சொல்வது சரி, ஆனால் ஒரு விஷயம் விடுபட்டுப் போனது. எனக்கு நிசான் சன்னியில் வந்த கசிவு எஞ்சினும் கியர்பெட்டியும் சேருகிற மூட்டின் அடியால் வந்தது. அந்த இடத்தால் வந்தால் இரண்டு காரணம்தான்: எஞ்சினின் பின்பக்கச் சீல், இல்லாவிட்டால் கியர்பெட்டிக்குள் போகிற தண்டின் சீல். எதுவானாலும் கிளட்ச் தட்டில் ஒயில் ஏறிவிடும். எனக்கு ஆனையிறவு தாண்டி வருகிறபோது எஞ்சின் மட்டும் கத்தியது, கார் இழுக்கவில்லை. அப்போது பெட்டியை இறக்காமல் வேறு வழியே இல்லை. இறக்கினது இறக்கினதுதான் என்று இரண்டு சீலும், கிளட்ச் தட்டும், ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து மாற்றினோம், ஒரே கூலியில் முடிந்தது. ஆகவே உங்களுடையது நடு மூட்டால் வருகிறதா ஓரத்தால் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

கடையில் விற்கிற, ஊற்றினால் கசிவு நிற்கும் என்கிற போத்தல் மருந்தை வாங்காதீர்கள். றப்பரைக் கொஞ்ச நாளைக்கு ஊதவைக்கும், அவ்வளவுதான்.

மொறிஸ்_மைனர் எழுதியது:

என்னிடம் இருப்பது ஐயா ஓடின மொறிஸ் மைனர். பெற்றோல் கண்ணில் காட்டாத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடி, சாவகச்சேரிக்கும் பருத்தித்துறைக்கும் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கிய கார். ஸ்ரார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், பின்னால் வெள்ளைப் புகை. அந்தக் காலத்துக்காரர்களுக்கு அந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கும்.

கேள்விக்கு நேரே பொருந்தாது, ஆனாலும் பழைய கார் வைத்திருக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மைனர் எஞ்சினின் பின்பக்கத்தில் றப்பர் சீலே கிடையாது. எஞ்சின் தண்டில் திருகுபுரி மாதிரி வெட்டியிருக்கும், சுழலும்போது அது ஒயிலைத் திரும்ப உள்ளே இழுக்கும். நிறுத்தி வைத்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும், அது பழுது இல்லை. அதன் கியர்பெட்டிக்கும் கெட்டிக் கியர் ஒயில் விடுவதில்லை, முப்பதாம் நம்பர் எஞ்சின் ஒயில்தான். இது தெரியாமல் கியர் ஒயிலை நிரப்பி, பிறகு கியர் விழவில்லை என்று வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எந்தக் காராக இருந்தாலும் அதன் கைநூலைப் பார்த்துவிட்டு விடுங்கள் பிள்ளைகள்.

உரும்பிராய்_110 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பவுடர் போட்டு ஓடிப் பார்த்தேன். நடு மூட்டு காய்ந்தபடி வெள்ளையாகவே இருந்தது. இடது அச்சைச் சுற்றித்தான் நனைந்து, பவுடர் பசையாகி, கீழே கோடு இழுத்து வந்திருந்தது. பார்த்த உடனே நெஞ்சு லேசாகிவிட்டது.

அண்ணை, ஒயில் மட்டம் பார்ப்பது எப்படி? இதற்கு எஞ்சினுக்கு இருப்பது போலக் கம்பி ஒன்றும் இல்லையே. கீழே இருக்கிற நட்டைக் கழற்றிப் பார்க்கவா?

கொக்குவில்_கராஜ் எழுதியது:

கீழ் நட்டைத் தொடாதீர்கள்! பெட்டியின் பக்கவாட்டில், கீழ் நட்டுக்கு மேலே இன்னொரு பெரிய நட்டு இருக்கும், 24ஆம் நம்பர் சொக்கற் போகும். அதுதான் ஒயில் விடுகிற வாய். எப்போதும் அதை முதலில் கழற்றிப் பாருங்கள். சில கார்களில் அது துருப்பிடித்து இறுகிப்போய் இருக்கும். கீழ் நட்டைத் திறந்து ஒயில் முழுவதையும் வடித்த பிறகு மேல் நட்டு வராவிட்டால் காரை அசைக்கவே முடியாது.

கார் சமதரையில் நிற்க வேண்டும், முன்பக்கம் மட்டும் தூக்கி வைத்துப் பார்த்தால் மட்டம் பொய் சொல்லும். வாயைத் திறந்து சின்ன விரலை உள்ளே மடக்கி விடுங்கள். ஒயில் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். விரலில் படவே இல்லை என்றால் ஓட வேண்டாம், முதலில் நிரப்புங்கள்.

சீல் மாற்றும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒயிலை வடித்து, சில்லைக் கழற்றி, அச்சை உட்பக்கமிருந்து லிவர் போட்டு நெம்பினால் 'டக்' என்று வெளியே வரும். வந்த உடனே சீல் ஓடுகிற இடத்தில் அச்சை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் ஒரு கோட்டில் மாட்டினால், பழைய சீல் அந்த இடத்தைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். புதுச் சீலையும் அதே இடத்தில் உட்கார வைத்தால் மூன்று மாதத்தில் திரும்பக் கசியும். கோடு மெல்லிசாக இருந்தால் நைஸ் எமரித் தாளால் சுற்றிவர மினுக்கிவிட்டு, சீலை ஒரு மில்லிமீற்றர் முன்னே பின்னே தள்ளி அடிக்கலாம். ஆழமாக இருந்தால் அச்சைத்தான் மாற்ற வேண்டும். அச்சு உள்ளே இருக்கும்போது மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கையில் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருந்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது, அதற்கு எத்தனை சீல் போட்டாலும் நிற்காது.

இன்னொன்று, இதைத்தான் அதிகம் பேர் மறப்பது. பெட்டியின் மேலே சின்னத் தொப்பி மாதிரி ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். ஓடச் சூடாகி உள்ளே காற்று விரியும், அது அந்த வழியால் வெளியேற வேண்டும். உங்கள் பக்கத்துச் செம்மண் தூசி ஒயிலோடு சேர்ந்து அதை அடைத்துவிட்டால், காற்று சீலைத் தள்ளிக்கொண்டு போகும். 2024 நவம்பர் வெள்ளத்தில் ஓடின கார் என்றால் அதே குழாயால் தண்ணீரும் உள்ளே போயிருக்கலாம், வடிக்கிற ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் அதுதான். பழைய சொந்தக்காரரிடம் ஒருக்கா கேளுங்கள்.

சீல் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், முகத்தில் அளவு அடித்திருக்கும். பார்க்க ஒன்று போல இருந்தாலும் இடப் பக்கத்துச் சீலும் வலப் பக்கத்துச் சீலும் வேறாக இருக்கலாம், சுழல்கிற திசைக்கு அம்புக்குறி போட்டவையும் உண்டு. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் எடுப்பிக்கலாம். ஒயிலின் தடிப்பு 75 டபிள்யூ 90. தரத்தில் நான் ஜிஎல் 4தான் விடுகிறேன், கியர் சுகமாக விழ உள்ளே இருக்கிற பித்தளை வளையங்களுக்கு அது பாதுகாப்பு.

உரும்பிராய்_110 எழுதியது:

வேலை முடிந்தது. வேறொரு கராஜில் குழியில் விட்டுச் செய்தோம், நான் முழு நேரமும் பக்கத்தில் நின்றேன். மேல் நட்டைக் கழற்றி விரலை விட்டேன், ஒயில் படவே இல்லை. வடித்து அளந்தால் ஒரு லீற்றரும் இல்லை. அந்த நிலையில் நான் வவுனியா வரை போய் வந்திருக்கிறேன் என்று நினைக்க உடம்பு கூசுகிறது. நல்ல காலம், ஒயில் தெளிவாகத்தான் இருந்தது, தண்ணீர் கலப்பு இல்லை, நட்டின் காந்தத்தில் மெல்லிய மை போல ஒரு படலம் மட்டும், இரும்புத் துண்டு எதுவும் இல்லை.

மூச்சுக்குழாய் நீங்கள் சொன்ன மாதிரியே. தொப்பியைச் சுரண்டினால் கட்டியாகச் செம்மண், கம்பியால் குத்தித்தான் எடுத்தோம். பழைய சீலை வெளியே எடுத்து வளைத்துப் பார்த்தேன், வளையவில்லை, பிளாஸ்ரிக் மாதிரி வெடித்தது. அச்சில் கோடு இருந்தது, ஆனால் நகம் மாட்டவில்லை. மினுக்கிவிட்டு, புதுச் சீலின் உதட்டில் கொஞ்சம் கிறீஸ் பூசி, சரிவில்லாமல் சுற்றிவரத் தட்டி இறக்கினார் கராஜ்காரர். இரண்டு பக்கத்துச் சீல், ஒயில், வொஷர், கூலி எல்லாம் சேர்த்து, முதலில் கேட்ட காசில் ஆறில் ஒன்று கூட வரவில்லை.

ஐந்தாவது கியரின் கூவல் போய்விட்டது. நான்கு நாளாகப் போர்ட்டிக்கோவில் காருக்குக் கீழே வெள்ளை மட்டை ஒன்று விரித்து வைத்திருக்கிறேன், இன்று விடியவும் பார்த்தேன், துளி கூட இல்லை. வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கிளினிக். அண்ணை, கொக்குவில் பக்கம் வந்தால் கட்டாயம் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

கொக்குவில்_கராஜ் எழுதியது:

சந்தோஷம் தம்பி. ஆயிரம் கிலோமீற்றர் ஓடின பிறகு மேல் நட்டைத் திறந்து இன்னொருக்கா விரல் விட்டுப் பாருங்கள். வரும்போது அந்தப் பழைய சீலையும் கொண்டுவாருங்கள், இங்கே வேலை பழகுகிற பொடியனுக்குக் காட்ட வேண்டும்.