டைல் போட்டதும் டாய்லெட் ஃப்ளாஞ்ச் பள்ளத்துல போயிடுச்சு, என்ன பண்ணலாம்?

ஆஸ்டின்_மச்சி:
மக்களே அவசரம். டெக்ஸாஸ்ல இருக்கோம், மாடி பாத்ரூம்ல பழைய வினைல் ஷீட்ட உரிச்சிட்டு சிமென்ட் போர்டு அடிச்சு டைல் போட்டாச்சு, தரை முக்கால் இன்ச் ஏறிடுச்சு. ஃப்ளாஞ்ச் (கமோட கழிவு பைப்போட சேத்து தரையில பிடிச்சு வைக்கிற வளையம்) மட்டும் பழைய இடத்துலயே கிடக்கு. டைல் மேல ஸ்கேல குறுக்க வச்சு அளந்தா அரை இன்ச் கீழ. டைல் போட்டவர் ரெண்டு மெழுகு ரிங் (கமோடுக்கும் ஃப்ளாஞ்சுக்கும் நடுவுல ஒழுகாம அடைக்கிறது) வச்சு உக்கார வச்சிடுங்கன்னு சொல்லிட்டு போயிட்டாரு. அடுத்த சனிக்கிழமை திருச்சியிலேர்ந்து மாமனார் மாமியார் வர்றாங்க, கமோடு பாத்டப்புக்குள்ள உக்காந்திருக்கு 😭

வைகைக்கரை:
நானும் ரெண்டு ரிங்தான் வச்சேன் ப்ரோ, 3 வருஷமாச்சு, ஒரு சொட்டு ஒழுகல. ரொம்ப யோசிக்காதீங்க.

ஸ்பானர்_சித்தப்பா:
வைகை தம்பிக்கு அதிர்ஷ்டம், அவ்ளோதான். ரெண்டு ரிங் வச்சா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி நகரும், என்னிக்காவது அடைச்சுக்கிட்டு ப்ளஞ்சர் போட்டு குத்துனா மெழுகு பக்கவாட்டுல பிதுங்கிடும், மாடின்னா கீழ் ரூம் சீலிங்ல கறை வந்தப்புறம்தான் தெரியவே தெரியும்.

ஃப்ளாஞ்சோட அடிப்பாகம் டைல் மேல உக்காரணும், அப்போ மேல்மட்டம் டைல விட கால் இன்ச் தூக்கி இருக்கும். நீங்க அரை இன்ச் கீழ இருக்கீங்க, ஆக முக்கால் இன்ச் ஏத்தணும். ஹார்டுவேர் கடையில ஃப்ளாஞ்ச உயர்த்துற எக்ஸ்டெண்டர் ரிங் கிடைக்கும், அரை இன்ச் ஒண்ணு கால் இன்ச் ஒண்ணு வாங்கி, ஒவ்வொரு அடுக்குக்கு நடுவுலயும் சிலிக்கான் தாராளமா போட்டு, எல்லாத்தையும் துளைச்சு கீழ மரத்துல நல்லா பிடிக்கிற மாதிரி நீள ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்க. கமோட பிடிக்கிற போல்ட்டும் நீளமா வேணும், பழசு எட்டாது. அதுவரைக்கும் பைப்ல பழைய துணி சொருகி வைங்க, இல்லன்னா சாக்கடை கேஸ் வரும். எடுக்க மறந்துடாதீங்க, நான் ஒருதடவை மறந்திருக்கேன் 🙂

ஆஸ்டின்_மச்சி:
நன்றி சித்தப்பா. டைல்ல ஓட்டை போடணுமா? அது ஒண்ணுதான் பயம்.

ஸ்பானர்_சித்தப்பா:
வேணாம், பழைய ஃப்ளாஞ்ச் ஓட்டை வழியாவே ஸ்க்ரூ இறங்கும். ஆனா ரிங் குறுக்களவு 7 இன்ச் கிட்ட வரும், டைல சுத்தி அந்த அளவுக்கு வெட்டியிருக்காங்களான்னு பாருங்க, ஒட்டி வெட்டியிருந்தா கிரைண்டர்தான்.

மெழுகு வைக்கிறதுக்கு முன்னாடி கமோட சும்மா உக்கார வச்சு ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா அடியில ப்ளாஸ்டிக் ஷிம் (மெல்லிசான ஆப்பு) சொருகுங்க, நட்ட இறுக்கி சரி பண்ணலாம்னு நினைக்காதீங்க, பீங்கான் விரிஞ்சிடும்.

மதுரை_மாயாண்டி:
நம்ம ஊர்ல கமோட வச்சு சுத்தி வெள்ளை சிமென்ட் அப்பிட்டு மேஸ்திரி டீ குடிக்க போயிடுவாரு, நீங்க என்னடான்னா கால் இன்ச் அரை இன்ச்னு 😂

ஸ்பானர்_சித்தப்பா:
கழட்டணும்னா உளி சுத்தியல் தேடுவீங்களே அதையும் சொல்லுங்க 😂 மச்சி, நீங்க சுத்தி சிலிக்கான் பூசும்போது பின்பக்கம் கொஞ்சம் விட்டுடுங்க, ஒழுகினா தண்ணி அந்த வழியா வெளிய வந்து காட்டிக் கொடுக்கும்.

ஆஸ்டின்_மச்சி:
அப்டேட்: ரிங் உள்ள போகல, ஒரு ஓரம் அரை மணி நேரம் கிரைண்டர் போட்டேன், வீடு முழுக்க தூசி, வீட்டம்மா பேசல. ஆனா கமோடு உக்காந்தாச்சு, இடது பக்கம் ரெண்டு ஷிம், பத்து தடவை ஃப்ளஷ் பண்ணி டிஷ்யூ வச்சு சுத்தி தொட்டுப் பாத்தேன், காஞ்சே இருக்கு.