பேரண்ட் அழிந்தால் சைல்டு என்ன ஆகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒரு பொருளை இன்னொன்றின் கீழ் கோர்ப்பது யூனிட்டி, அன்ரியல், கோடோ, பெவி என்று எந்த கேம் எஞ்சினிலும், அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருளிலும், சீக்கிரமே கைவந்துவிடும். மேலே இருப்பது பேரண்ட், கீழே இருப்பது சைல்டு. கையோடு வாள், வண்டியோடு சக்கரம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஓர் இணைப்பைப் போடும்போது பல கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறோம். பேரண்ட் நகர்ந்தால் சைல்டும் நகருமா, மறைந்தால் மறையுமா, அழிந்தால் கூடவே அழியுமா? எஞ்சினுக்கு எஞ்சின் பதில் வேறு.

யூனிட்டியில் இருந்த ஒரு விண்வெளி கேமை எங்கள் குழு அன்ரியலுக்கு மாற்றியது. எதிரிக் கப்பல் வெடித்துச் சிதறும், அதன் மேலிருந்த பீரங்கிகள் மட்டும் அந்தரத்தில் நின்று சுட்டுக்கொண்டே இருக்கும். யூனிட்டியில் டெஸ்ட்ராய் என்றால் கீழே உள்ள அத்தனையும் போய்விடும். அன்ரியலில் ஓர் ஆக்டரோடு (அங்கே உலகில் வைக்கும் பொருளின் பெயர்) இணைத்த இன்னோர் ஆக்டர், பேரண்ட் அழியும்போது இணைப்பு மட்டும் அறுந்து உலகத்திலேயே தங்கிவிடும். சைல்டு ஆக்டர் காம்பொனென்ட் (பேரண்டின் உறுப்பாகவே இன்னோர் ஆக்டரை உருவாக்கும் வசதி) வழியாக உருவாக்கியிருந்தால்தான் சேர்ந்து போகும். கடைசியில் கப்பலின் எண்ட் பிளேயில் (ஆக்டர் விடைபெறும்போது ஓடும் ஃபங்ஷன்), அதாவது இணைப்பு அறும் முன்பே, ஒட்டியிருக்கும் ஆக்டர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தோம்.

யூனிட்டியின் வழக்கம்தான் சரி என்று சொல்ல வரவில்லை. கப்பலில் தொற்றிக்கொண்டு வந்த வீரனை அன்ரியல் காப்பாற்றிக் கொடுத்தது, அது எங்களுக்குப் பிடித்தே இருந்தது. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

இதற்கு நேர் எதிரான கதை என்னிடம் இருக்கிறது. யூனிட்டி, வில் அம்பு கேம். அம்புகள் எல்லாம் பூலில் இருந்து, அதாவது முன்பே செய்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொகுப்பில் இருந்து, வரும். எதிரி மேல் தைத்ததும் அம்பு அந்த எதிரிக்குச் சைல்டு ஆகிவிடும், அவன் ஓடினால் அம்பும் ஓடும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எதிரி செத்ததும் அவனோடு பூலின் அம்புகளும் அழிந்துவிடும். பூலோ அவை தன்னுடையவை என்று நினைத்துக்கொண்டு அடுத்த முறை எடுத்து நீட்டும், உடனே மிஸ்ஸிங் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன், அழிந்த பொருளைத் தொட்டதற்கான பிழை. அம்புகளின் உரிமை பூலிடம், ஆயுள் எதிரியிடம். ஒரே பொருளுக்கு இரண்டு முதலாளிகள்.

எதிரியை அழிக்கும் முன் அம்புகளைக் கழற்றிப் பூலுக்கு அனுப்புவதுதான் தீர்வு. அதிலும் ஒரு சிக்கல். சைல்டுகளை முன்னிருந்து வரிசையாகக் கழற்றினால் ஒன்று விட்டு ஒன்று தப்பிவிடும், ஏனென்றால் ஒவ்வொன்று போகும்போதும் பின்னால் உள்ளவை ஓர் இடம் முன்னேறுகின்றன. கடைசியில் இருந்து முதல் நோக்கி வர வேண்டும்.

அப்புறம் இதே அம்புகளால் வந்த இன்னொரு தலைவலி: ஸ்கேல், அதாவது பொருளைப் பெரிதாக்கும், சிறிதாக்கும் அளவு. சில எதிரிகளை வடிவமைப்பாளர் அகலத்தில் மட்டும் இரட்டிப்பாக்கி வைத்திருந்தார். அந்த எதிரி மேல் சாய்வாகத் தைத்த அம்பு கோணல்மாணலாக நெளிந்து நின்றது. பேரண்டுக்கு மூன்று அச்சிலும் ஸ்கேல் ஒன்றாக இல்லாமல், சைல்டு சுழன்றும் இருந்தால் இப்படி ஷியர், அதாவது பக்கவாட்டுச் சரிவு, வந்துவிடும். இடம், சுழற்சி, ஸ்கேல் என்ற மூன்றை மட்டும் வைத்து அந்த நெளிவைச் சரியாகச் சொல்லவே முடியாது. யூனிட்டியில் உலக அளவிலான ஸ்கேலுக்கு லாஸி ஸ்கேல் என்று பெயர் வைத்ததும் அதனால்தான், கிடைப்பது தோராயம். பேரண்டை மாற்றும் செட் பேரண்டில் உலக இடத்தைக் காப்பாற்று என்ற தேர்வு தானாகவே ஆன் ஆகியிருக்கும், அதுவும் இந்த இடத்தில் கைகொடுக்காது.

எதிரியின் மேல்மட்டப் பொருளை எப்போதும் ஸ்கேல் ஒன்றிலேயே வைத்தோம். உருவத்துக்கான மெஷ் அதன் கீழ் ஒரு சைல்டு, அதற்கு எந்த ஸ்கேல் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அம்பு தைப்பது மெஷ்ஷுக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்று ஆங்கரில் (ஒட்டுவதற்கென்றே வைத்த உருவமில்லாத பொருள்). எலும்பு அனிமேஷன் (உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டை அசைத்து உருவத்தை அசைப்பது) இருந்தால் இது இவ்வளவு சுலபமில்லை, எலும்பில்தான் ஒட்ட வேண்டும். ஆனால் எலும்புக்கு யாராவது ஸ்கேல் அனிமேட் செய்திருந்தால் பழைய கதைதான்.

*

கோடோவில் ஆயுள் பிரச்சினை வேறு மாதிரி வரும். ரிமூவ் சைல்டு என்றால் பேரண்ட்-சைல்டு மரத்திலிருந்து எடுப்பது மட்டும்தான், அந்த நோட் (கோடோவில் பொருளுக்கு அதுதான் பெயர்) நினைவகத்தில் அப்படியே இருக்கும். நான் பின்னர் சேர்ந்த ஒரு புராஜெக்டில் லெவல் மாறும்போதெல்லாம் பழைய லெவலை இப்படிக் கழற்றி விட்டிருந்தார்கள். திரையில் எதுவும் தெரியாது, நினைவகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பிரிண்ட் ஆர்ஃபன் நோட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதை ஓட்டியதும் அனாதை நோட்கள் பக்கம் பக்கமாகக் கொட்டின. நோடை உண்மையிலேயே அழிக்கும் கியூ ஃப்ரீ சேர்த்ததும் அடங்கியது.

இன்னொன்று: கோடோ 4.0 முதல், பேரண்டை மாற்ற ரீபேரண்ட் என்று தனி மெத்தட் வந்தது. வசதிதான், ஆனால் உள்ளே நடப்பது கழற்றி மாட்டுவதுதான். அதனால் எண்டர் ட்ரீ (மரத்தில் சேரும்போது ஓடும் ஃபங்ஷன்) மறுபடி ஓடும், ரெடி (சைல்டுகள் உட்பட எல்லாம் தயாரானதும் ஓடுவது) மறுபடி ஓடாது. அதே புராஜெக்டில் எதிரிகளின் எண்ணிக்கையை எண்டர் ட்ரீயில் கூட்டி, வெளியேறும்போது குறைக்காமல் விட்டிருந்தார்கள். லிஃப்டில் ஏறும் எதிரி அதற்குச் சைல்டாக மாறுவான், அதனால் ஏறி இறங்கினால் எண்ணிக்கை கூடும், லெவல் முடியவே முடியாது.

*

எண்டர் ட்ரீ பேரண்டுக்கு முதலில், ரெடி சைல்டுக்கு முதலில். இந்த வரிசை பிடிபட்டால் கோடோவில் பாதிக் குழப்பம் தீரும்.

*

பெவியில் 0.16க்கு முன் டிஸ்பான், அதாவது அழித்தல், என்றால் அந்த ஒரு என்டிட்டி (அங்கே பொருளின் பெயர்) மட்டும் போகும், குடும்பத்தோடு அழிக்க டிஸ்பான் ரிகர்சிவ் என்று தனியாகச் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த 0.16இல் பேரண்ட் என்ற காம்பொனென்டை (என்டிட்டியில் ஒட்டும் தரவுத் துண்டு) எடுத்துவிட்டு சைல்டு ஆஃப் என்ற உறவைக் கொண்டுவந்தார்கள், டிஸ்பானும் கீழே உள்ளதையெல்லாம் சேர்த்து அழிக்கும்படி மாறியது. அந்தப் பதிப்புக்கு மாறும்போது என் கவலையெல்லாம், தெரிந்தே தனியாக விட்டுவைத்த சைல்டுகள் எங்கெங்கே என்பதுதான். அவற்றைத் தேடிப் பிடித்து முதலில் உறவை அறுத்த பிறகே டிஸ்பான் செய்ய வேண்டியிருந்தது.

ஆனால் நேரத்தை அதிகம் தின்றது ஆயுள் இல்லை, ஒரு ஃபிரேம் (திரையில் ஒரு படம்) தாமதம். வேகமாகத் திரும்பும் வண்டி, அதன் மேல் துப்பாக்கி, துப்பாக்கியின் முனையில் ஒரு வெற்றுச் சைல்டு. குண்டு அந்த முனையில் இருந்து கிளம்ப வேண்டும். வண்டி நின்றால் சரியாக வரும், ஓடினால் குண்டு சற்றுப் பின்னால் இருந்து கிளம்பும். காரணம், குளோபல் டிரான்ஸ்ஃபார்ம், அதாவது பொருளின் உலக இடம், கேம் லாஜிக் ஓடும் அப்டேட் கட்டம் முடிந்த பிறகு, போஸ்ட் அப்டேட்டில்தான் கணக்கிடப்படுகிறது. அப்டேட்டில் படித்தால் போன ஃபிரேமின் இடம்தான் கிடைக்கும். சுடும் சிஸ்டத்தை (ஃபிரேம்தோறும் ஓடும் ஃபங்ஷன்) அந்தக் கணக்குக்குப் பின்னால் தள்ளலாம், அல்லது டிரான்ஸ்ஃபார்ம் ஹெல்பரைக் கொண்டு அந்த ஒரு என்டிட்டிக்கு மட்டும் அப்போதே கணக்கிடலாம். எல்லாக் குண்டுகளுக்கும் இரண்டாவது வழியில் போனால் ஒவ்வொரு முறையும் பேரண்ட்கள் வழியே மேல் வரை ஏறி டிரான்ஸ்ஃபார்ம்களைப் பெருக்க வேண்டும், அதனால் சிஸ்டத்தைத் தள்ளினேன்.

*

சொந்தமாக எஞ்சின் எழுதுகிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. பேரண்டைப் பாயின்டராக (நினைவக முகவரியாக) வைத்திருக்காமல் ஹேண்டிலாக வைக்கிறேன்: வரிசை எண் ஒன்று, தலைமுறை எண் ஒன்று. அழிந்த இடத்தில் புது என்டிட்டி வந்தால் தலைமுறை எண் கூடும், பழைய ஹேண்டில் தானாகச் செல்லாததாகிவிடும். இது இல்லாவிட்டால் செத்த எதிரியின் தொப்பி புதிதாகப் பிறந்த மரப்பெட்டியின் பின்னால் ஓடும். எடிட்டரில் பேரண்டை இழுத்து அதன் பேரன் மேலேயே போடும் ஆட்கள் உண்டு. இணைக்கும் முன் புதிய பேரண்டில் இருந்து மேலே ஏறிப் பார்த்து, வழியில் தன்னையே சந்தித்தால் மறுத்துவிட வேண்டும். வேகத்துக்கு, பேரண்ட் எப்போதும் சைல்டுக்கு முன்னால் வரும்படி எல்லாவற்றையும் ஒரே அரேயில் (வரிசைப் பட்டியலில்) அடுக்கினேன். ஒவ்வொன்றின் உலக இடத்தைச் சொல்லும் மேட்ரிக்ஸ்களை ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) இல்லாமல் ஒரே ஓட்டத்தில் கணக்கிட்டுவிடலாம்.

*

வேகம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். யூனிட்டியில் ஹைரார்க்கி (பேரண்ட்-சைல்டு பட்டியல்) அழகாகத் தெரிய வேண்டும் என்று "குண்டுகள்" என்ற வெற்றுப் பொருளின் கீழ் எல்லாக் குண்டுகளையும் போடும் பழக்கம் பலருக்கு. டிரான்ஸ்ஃபார்மை மாற்றும் ஜாப்கள் (பல கோர்களில் பிரித்து ஓட்டும் வேலைகள்) வேலையை மேல்மட்ட ரூட் வாரியாகத்தான் பிரித்துக்கொள்ளும். எல்லாம் ஒரே ரூட்டில் இருந்தால் எத்தனை கோர் இருந்தாலும் ஒரே கோர்தான் உழைக்கும். அந்த வெற்றுப் பொருள் ஃபோல்டர் இல்லைங்க.

*

நல்ல பகிர்வுகள். அப்படியே ஒரு சந்தேகம்: பிசிக்ஸ் ஓடும் ஒரு பெட்டியை நகரும் லாரிக்குச் சைல்டாகப் போட்டால் எனக்கு ஒழுங்காக வருவதில்லை. யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

*

டைனமிக் ரிஜிட் பாடியின், அதாவது விசைகளால் நகரும் பொருளின், இடத்தை பிசிக்ஸ்தான் உலக அளவில் தீர்மானிக்கிறது. பேரண்ட் டிரான்ஸ்ஃபார்மும் அதை இழுக்கப் பார்த்தால் இரண்டும் மல்லுக்கட்டும். பெட்டி லாரியோடு ஒட்டியே வர வேண்டுமென்றால் அதை கினமேட்டிக் (விசைகளுக்கு அசையாதது) ஆக்கிவிட்டுச் சைல்டாகப் போடுங்கள். குலுங்கிக்கொண்டு வர வேண்டுமென்றால் பேரண்டிங்கே வேண்டாம், ஜாயின்ட் (பிசிக்ஸ் பிணைப்பு) போடுங்கள். லாரியையும் டிரான்ஸ்ஃபார்மை மாற்றி நகர்த்தாமல் பிசிக்ஸ் வழியாகவே நகர்த்துங்கள்.