கியூஓஎஸ் (நெட்வொர்க்கில் எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் ஏற்பாடு) அனுபவங்கள்: போன் 46 போட்டு அனுப்பியது, ரவுட்டருக்கு வந்தது 40

போர்ட்வாசி:
எங்கள் கிளையில் ஐபி போனில் பேசினால், பேக்கப் ஓடும் நேரத்தில் குரல் வெட்டி வெட்டிப் போகும். அதுவும் ஒரு பக்கம்தான். தலைமையகத்தில் பேசுவது இங்கே தெளிவாகக் கேட்கும். இங்கிருந்து போவதுதான் உடையும். இப்படி ஒருதலையாக உடைந்தால், அந்தத் திசையில் பாக்கெட்டின் முன்னுரிமைக் குறி எங்கே தொலைகிறது என்றுதான் முதலில் தேடுவேன். போனிலிருந்து கிளம்பும் குரல் பாக்கெட்டில் டிஎஸ்சிபி (ஐபி தலைப்பில் அந்தக் குறியைச் சொல்லும் எண்) 46 சரியாக இருந்தது. ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் போர்ட்டை மிரர் செய்து (அதில் போவதை நகலெடுத்து), பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் 40! ரவுட்டரில் பாக்கெட்டை வகை பிரிக்கும் விதியான கிளாஸ் மேப்போ 46-ஐ மட்டும்தான் தேடும். 40 வந்தால் பேக்கப்போடு சேர்த்துப் பொது வரிசையில் தள்ளிவிடும்.

போர்ட்டில் 'டிரஸ்ட் காஸ்' போட்டிருந்ததுதான் விஷயம். காஸ் என்பது விலான் டேக்கில் (பாக்கெட் எந்த உள் நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று சொல்லும் ஒட்டில்) இருக்கும் 3 பிட். 0 முதல் 7 வரை. போன் அதில் 5 வைக்கிறது. அதை நம்பச் சொன்னால், ஸ்விட்ச் தன் அட்டவணையைப் பார்த்து டிஎஸ்சிபியைத் திருத்தி எழுதும். அந்தப் பழைய வகை ஸ்விட்சில் இயல்பு அட்டவணை வெறும் எட்டாம் வாய்ப்பாடு: ஐயெட்டு நாற்பது. 5-க்கு நேரே 46 என்று மாற்றியதும் தீர்ந்தது.

'டிரஸ்ட் டிஎஸ்சிபி' போட்டாலும் தீரும். ஆனால் போனுக்குப் பின்னால் மாட்டிய கணினி என்ன குறி போட்டாலும் அதையும் நம்ப வேண்டிவரும். காஸை நம்பினால், டேக் இல்லாமல் வரும் கணினி பாக்கெட்டுக்குப் போர்ட்டின் இயல்பு மதிப்பான 0 தானாகவே விழுந்துவிடும். அதனால் நான் இதிலேயே நின்றுவிட்டேன்.

வரிசைக்காரர்:
போர்ட்வாசி சார், நீங்கள் கணினி என்றீர்கள், எங்களுக்கு வில்லன் கண்காணிப்புக் கேமரா. வீடியோ முழுவதையும் 46 போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது, ஸ்விட்சும் நம்பிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் முதலுரிமை வரிசைக்கு ஓர் ஒதுக்கீடு உண்டு. நெரிசலில் அதைத் தாண்டினால் வெட்டும். வெட்டுவது குரலா கேமராவா என்றெல்லாம் பார்க்காது. கேமரா போர்ட்டுகளில் வந்த குறியை அழித்து, முதலுரிமை வரிசைக்குப் போகாத 26-ஐ நாமே போட்டோம்.

அப்புறம் போன் போர்ட்டுகளிலும் ஒரு காவல் வைத்தோம். குரல் விலானில் வரும் யூடிபி போர்ட் எண் 16384–32767-க்கு மட்டும் 46; 128 கேபிபிஎஸ் தாண்டினால் 0. ஜி.711 (குரலை டிஜிட்டலாக்கும் ஒரு முறை) அழைப்பில் நொடிக்கு 50 பாக்கெட், ஐபி தலைப்போடு 200 பைட், அதாவது 80 கேபிபிஎஸ். ஒரு போனுக்கு 128 தாராளம். உங்கள் போன் எந்த யூடிபி போர்ட் எண் எல்லையைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். எல்லாமே இந்த எல்லையில் வராது.

டேக்லெஸ்:
வைஃபை போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்விட்ச் வரை 46 பத்திரமாக வந்தாலும், பல ஆக்சஸ் பாயிண்ட்கள் அதன் முதல் 3 பிட்டை மட்டும் எடுத்து 5 என்று படிக்கும். வைஃபையில் 5 என்பது வீடியோ வரிசை, குரலுக்கு 6 வேண்டும். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இதைத்தான் சரிசெய்யச் சொல்கிறது. ஆக்சஸ் பாயிண்ட்களை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் அந்த அட்டவணையை ஒருமுறை திறந்து பாருங்கள்.

புதுப்போர்ட்:
அண்ணா, என் கேப்சரில் (வயர்ஷார்க் பதிவில்) டாஸ் என்ற இடத்தில் 184 காட்டுகிறது. 46-ஐயே காணோமே?

போர்ட்வாசி:
அதுவேதான் தம்பி. டிஎஸ்சிபி அந்த பைட்டின் மேல் 6 பிட். கீழே 2 பிட் நெரிசலைத் தெரிவிக்கும் இசிஎன்னுக்கு. அதனால் 46-ஐ நாலால் பெருக்கினால் 184. உன் குறி சரியாகத்தான் வருகிறது, வரிசை ஒதுக்கீட்டைப் பார். 'எம்எல்எஸ் கியூஓஎஸ்' கட்டளை போட்டு கியூஓஎஸ்ஸை இயக்கிய பழைய ஸ்விட்ச் வழியில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதைத் தாண்டிய பிறகும் ஒரு கேப்சர் எடு. அந்த வகையில் டிரஸ்ட் போடாத போர்ட்டில் வரும் எல்லாக் குறியும் 0 ஆகிவிடும்.